சொல்லுக்குச் சொந்தக்காரர்

கைகள் முதலில் பெட்டியின் மூலைகளைப் பிரிக்கின்றன. பசை காய்ந்த விளிம்புக்குள் நகத்தை விட்டு, கிழியாமல் மெல்ல விடுவித்து, கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை மேசையில் விரித்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கின்றன. படம் அச்சிட்ட பக்கம் கீழே, சாம்பல் நிறப் பக்கம் மேலே. அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போடுகின்றன. கத்தரிக்கோல் கோட்டின் மேலேயே போகிறது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. வெட்டிய துண்டுகளை அடுக்கி மேசையில் தட்டிப் பார்க்கின்றன. ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை மட்டும் உருவி, மயிரிழை அளவு நறுக்கி, திரும்ப உள்ளே செருகுகின்றன. பிறகு ஒவ்வொரு துண்டின் மூலையிலும் ஒரு துளை. துளைகளுக்குள்ளால் ஒரு திரைச்சீலை வளையம்.

எந்தப் பெட்டியும் சரிவரும் என்று நினைக்கக் கூடாது. அப்பளம் வரும் அட்டையில் எண்ணெய் பிடித்திருக்கும். மை ஊறிப் பரவும். தேயிலைப் பெட்டி தடிப்பு, வளையத்தில் புரளாது. பிஸ்கற் பெட்டி மெல்லியது; ஒரு வாரத்தில் மூலை மடங்கிவிடும். தகப்பனின் கடையில் வெறுமையாகும் பெட்டிகளில் எதை மடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், எதைக் குப்பையில் போடலாம் என்று சாருஜா அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் இன்னும் பிழையான பெட்டியைத்தான் கொண்டுவருகிறார்.

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் அவர்கள் இருக்கும் வீட்டின் மேல்மாடியில், தெருவைப் பார்த்த சின்ன அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் விஜயரத்தினம், மனைவி சுசிலா, ஒரே பிள்ளை சாருஜா, வயது பதினைந்து. டென்மார்க்கில் ஹெர்னிங் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அந்த ஊரில் மரத்தளபாடத் தொழிற்சாலையில் செய்த வேலையை விட்டு, வீட்டை விட்டு, டெனிஷ் கடவுச்சீட்டுடன் தகப்பன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தார். அந்த ஆண்டுகளில் ஜெர்மனியிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் அப்படி வந்தவர்கள் பலர். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் முதலில் சொல்வது இதுதான்: "பிள்ளையின்ர இங்கிலீசுக்காகத்தான் வந்தனாங்கள். இல்லாட்டில் எங்களுக்கு அங்க என்ன குறை?"

கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பிள்ளை மேசையில் அட்டை வெட்டிக்கொண்டிருப்பாள்.

அட்டையின் ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் தாளிலிருந்து எடுத்தது. வெள்ளிக்கிழமை அதில் சோதனை. இந்தத் தாள், ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களுக்கான அவளுடைய கீழ்க் குழுவுக்குக் கொடுப்பது அல்ல. அவளுடைய குழுவின் தாளில் சொற்கள் குறைவு, இலகு. மேல் குழுவின் தாளை யாரோ நூலக மேசையில் விட்டுப் போனதை ஒருநாள் கண்டாள். அன்றிலிருந்து வாரம்தோறும் நூலகரிடம் கேட்டு ஒரு பிரதி வாங்கி வருகிறாள்.

அட்டையின் மறுபக்கத்தில் பொருள் எழுதுவாள் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒரு ஆளின் பெயர் மட்டும் இருக்கும். சிக்கனத்தைக் குறிக்கும் 'ஃப்ரூகல்' என்ற சொல்லின் பின்னால் 'அம்மா'. தயிர் வாங்கிய பிளாஸ்ரிக் கோப்பைகளைச் சுசிலா கழுவி அடுக்கி வைத்திருப்பதை அந்தச் சமையலறைக்குள் போனவர்கள் அறிவார்கள். சொன்னது கேளாமல் நிற்பவரைக் குறிக்கும் 'ஒப்ஸ்டினேட்' என்ற சொல்லின் பின்னால், இரண்டு வீடு தள்ளி இருக்கும் கிறிஸ்துராஜாவின் பெயர்.

"ஆக்கள் இல்லாட்டில் சொல்லு நிக்காது மாமா. விழுந்துபோயிடும்" என்றாள்.

யாருக்கும் எதையும் எளிதில் கொடுத்துவிடமாட்டாள். ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாட்கணக்காக ஆட்களைப் பார்த்துத் திரிவாள். தாராள மனசைக் குறிக்கும் சொல் ஒன்றைத் தகப்பனுக்குக் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன்; கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்கிக் கொடுக்கிறவர். "நை, மாமா" என்றாள். டெனிஷ் மொழியில் 'இல்லை' என்பதற்கு அதுதான் சொல். தமிழ் பேசும்போதும் அவளுக்கு அதுவே வாயில் வரும். "அப்பா ஆக்கள் பாக்கேக்க குடுக்கிறவர். அது வேற சொல்லு. அந்தச் சொல்லு இன்னும் வரேல்ல." தாராள மனசுக்குரிய சொல் கடைசியில், ஓடி வருகிற ஆளைக் கண்ணாடியில் கண்டால் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் ஒரு பஸ் சாரதிக்குப் போனது. அவருடைய பெயர் தெரியாததால் அட்டையில் ஒரு தொப்பியைப் படமாகக் கீறி வைத்தாள். குளியலறைக் கதவைத் தட்டத் தயங்கி வெளியே நிற்கும் எனக்கும் ஒரு சொல் இருந்தது. அது சரியான சொல்தான்.

வளையத்தின் உட்பக்கத்தில், முதலில் செய்த அட்டைகளில், எல்லாம் ஹெர்னிங் பெயர்கள். குறும்புக்கு ஒரு யோனாஸ். பொறுமைக்கு ஒரு கணித ஆசிரியர். பனி கொட்டும் காலையில் ஒருவருக்கும் முறையிடாமல் பாதை வெட்டிக் கொடுக்கும் கட்டடக் காவலாளிக்கு 'ஸ்டோயிக்'. பிரிக்க முடியாதவர்களைக் குறிக்கும் 'இன்செப்பரபிள்' என்ற அட்டையில் மெட்டெ என்ற பெயர், மற்றப் பெயர்களைவிடச் சற்றே பெரிய எழுத்தில்.

மெட்டெ அவளுடைய சிநேகிதி. மாடிப்படிக்குக் கீழே கணினி வைத்திருக்கும் மூலையில் மாலை நேரத்தில் சாருஜா அவளோடு மெசெஞ்சரில் எழுதுவாள். லண்டன் விசைப்பலகையில் டெனிஷ் எழுத்துகள் சில இல்லை. வேறு எழுத்து இரண்டைச் சேர்த்து ஒப்பேற்றுவாள். அந்த நேரத்தில் மட்டும்தான் அந்த வீட்டில் அவளுடைய சிரிப்புக் கேட்கும். தொண்டையிலிருந்து வரும் முரட்டுச் சிரிப்பு. எந்தப் பெண்பிள்ளைக்கும் தாய்மார் பழக்காத சிரிப்பு. முதல் தடவை கேட்டபோது யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து நான் மேலேயே இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்துப் பேசிய மாலையில், பிள்ளை மிக அமைதியானவள், மரியாதையானவள் என்று ஆங்கில ஆசிரியை சொன்னார். விஜயரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வந்து சேரும் முன்பே இரண்டு பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

சாருஜா சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நடையில் நின்றாள். "நான் அமைதியான ஆள் இல்லை அப்பா."

"மிஸ் சொன்னவ தானே?"

"ஹெர்னிங்கில கதைச்சதுக்கு என்னை வகுப்புக்கு வெளியில விடுறவை. கிழமைக்கு ஒருக்கா. நான் பகிடி விட்டா வகுப்பே விழுந்து சிரிக்கும். உங்களுக்குத் தெரியும்."

"அது கூடாத பழக்கம் தானே அம்மாச்சி. விட்டிட்டாய், நல்லது."

"விடேல்ல. என்னட்டச் சொல்லு இல்லை. அதுதான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன். அதைப் போய் நல்ல பிள்ளை எண்டு சொல்லுறா."

அவள் மேலே போய்க் கதவைச் சாத்தினாள். சுசிலா சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தார்.

அந்த டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு ஒப்பந்தம் நடந்தது. மகளின் முகம் தொங்கிக்கொண்டே இருந்ததில் தகப்பன் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "ஒரு வருஷம் படிச்சுப் பார். கோடைக்குள்ள உன்னை ஹயரில போடாட்டில், பேந்து என்ன, ஹெர்னிங்கில சித்தப்பா வீட்டில நிண்டு படி. நான் விடுறன்." ஹயர் என்பது ஆங்கிலப் பாடத்தின் மேல்நிலைத் தாள். கீழ்நிலைத் தாளில் எவ்வளவு திறமாக எழுதினாலும் 'சி'க்கு மேலே கொடுக்கமாட்டார்கள். மேல்நிலைக்கு எடுக்காவிட்டால் லண்டனுக்கு வந்ததற்கே அர்த்தமில்லை என்பது அவருடைய கணக்கு. அதெல்லாம் நடக்காது என்ற நம்பிக்கையில் சொன்னாரோ என்னவோ, மகள் அதைச் சொல் பிசகாமல் மனதில் வைத்துக்கொண்டாள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. திரும்பிப் போக இவ்வளவு ஏங்கும் பிள்ளை எதற்காக மேல் குழுவின் தாளைத் தேடிப் போய் எடுத்துப் படிக்கிறாள்? கேட்டேன்.

அட்டையைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அது சோதனைக்கு இல்லை மாமா. இங்க தெருவில எவ்வளவு ஆக்கள். சொல்லு இல்லாம சும்மா எப்பிடிப் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

பெப்ரவரியில் ஹரோவில் ஒரு மண்டபத்தில், பெரியபிள்ளையான ஒரு சிறுமிக்குச் சாமத்தியவீடு. விருந்தினருக்குத் தின்பதற்கு றோல்ஸ் செய்து கொடுத்தவர் கிறிஸ்துராஜாவின் மனைவி பிலோமினம்மா. சாருஜா அவருக்கு உதவியாகத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டு நின்றாள். வளையத்தைப் பேப்பர் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோனாள். பிலோமினம்மா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன, சிறைச்சாலைச் சாவிக் கொத்துப் போல?"

பக்கத்தில் நின்ற லக்‌ஷிகா பல்கலைக்கழகத்தில் படிப்பவள். வாங்கிப் புரட்டினாள். "அன்ரி, இதில உங்கட பேர் இருக்கு."

"என்ர பேரோ? முன்னுக்கு என்ன போட்டிருக்கு?"

"லொக்குவேஷஸ்."

"ஐயோ மாதாவே. ஏதும் நோய் வருத்தமோ?"

"இல்லை அன்ரி. கனக்கக் கதைக்கிற ஆள் எண்டு அர்த்தம்."

சாருஜாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. அடுக்களைப் பக்கம் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். பிலோமினம்மா கையை ஏப்ரனில் துடைத்தார். 

"எனக்கு ஒண்டுதானோ? சுசிலாவுக்கு எத்தினை?"

"அம்மாவுக்கு மூண்டு, அன்ரி" என்றாள் சாருஜா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாத்தியே அநியாயத்தை! உவ வாயே திறக்கிறேல்ல, உவவுக்கு மூண்டு. நான் விடிய எழும்பினதில இருந்து கதைக்கிறன், எனக்கு ஒண்டு. சரி, என்ர மனுசனுக்கு என்ன?"

"ஒப்ஸ்டினேட். சொன்னாக் கேக்காத ஆள்."

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை! நான் கட்டியிருக்கமாட்டன்."

மண்டபத்தின் மறுகோடியில் இருந்த கிறிஸ்துராஜா, தன்னைப் பார்த்து ஏன் இத்தனை பெண்கள் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் தன் மேற்சட்டையின் பொத்தானைச் சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு தெருவில், கடையில், கோயில் வாசலில் எங்கே கண்டாலும் ஆட்கள் அவளை மறிப்பார்கள். "பிள்ளை, என்ர சொல்லு என்ன?" கிடைத்தவர்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது போலப் போவார்கள். கிடைக்காதவர்களுக்கு, "இன்னும் பாக்கிறன் அங்கிள்" என்பாள். மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருநாள் பிலோமினம்மா கேட்டார்: "எல்லாருக்கும் சொல்லுறாய். உன்ர சொல்லு என்னம்மா?"

"என்ர சொல்லு ஹெர்னிங்கில நிக்குது அன்ரி" என்றாள்.

இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னவர் பிலோமினம்மாதான்.

இளவேனில் வர வர வளையத்தில் மாற்றங்கள் தெரிந்தன. ஹெர்னிங் பெயர்கள் சில கோடு விழுந்து, அருகில் ரெய்னர்ஸ் லேன் பெயர்கள் ஏறியிருந்தன. ஒரு பெயரை வெட்டுவதற்கு முன் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து நேரம் கடத்துவாள். பொறுமைக்குரிய கணித ஆசிரியரின் இடத்தில் பள்ளிக்கூட நூலகர் வந்தார். "அவரின்ர முகம் ஞாபகம் வருகுதில்ல மாமா. குரல் மட்டும்தான் வருது. குரலுக்குச் சொல்லு குடுக்கேலாது" என்றாள், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல.

மெட்டெயிடமிருந்து பதில்கள் சுருங்கத் தொடங்கின. ஒரு மாலை சாருஜா கணினிக்கு முன் அசையாமல் இருந்தாள். திரையில் மெட்டெ எழுதிய ஒரு வரி; அதில் ஒரு சொல் அவளுக்குப் புரியவில்லை. சாருஜா ஹெர்னிங்கை விட்டு வந்த பிறகு அங்கே வகுப்புப் பிள்ளைகளுக்குள் புதிதாகப் புழங்கத் தொடங்கிய பேச்சு. தான் பிறந்த ஊரின் மொழியில், தன் சிநேகிதியிடம், "அதற்கு என்ன அர்த்தம்?" என்று எழுதிக் கேட்டாள். பதில் வந்தது. வாசித்தாள். சிரிப்புக் குறி ஒன்றை அனுப்பினாள், அவள் சிரிக்கவில்லை. பிறகு மேசைக்கு வந்து ஒரு அட்டையை எடுத்து அந்த டெனிஷ் சொல்லை எழுதி, பின்பக்கம் மெட்டெயின் பெயரைப் போட்டு, வளையத்தில் கோத்தாள். அதுவரை அந்த வளையத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி ஏறியதில்லை.

அதற்காகத் திரும்பிப் போகும் ஆசை குறையவில்லை. கூடியது. இன்னும் பிந்தினால் எத்தனை சொற்கள் தவறிப்போகும் என்ற அவசரமும் அதோடு சேர்ந்துகொண்டது.

மே மாதத்தில் அந்தக் கட்டுரை வந்தது. நன்றாகத் தெரிந்த ஒருவரை வருணித்து எழுத வேண்டும். மேல்நிலைத் தாளுக்கு யார், கீழ்நிலைத் தாளுக்கு யார் என்று இதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். விஜயரத்தினம் தன்னைப் பற்றி எழுதச் சொன்னார். சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தும் காட்டினார். மகள் தாயைத் தேர்ந்தாள். அவர் கடைக்குப் போய்விட்டார்.

மாடிப்படியில் என்னைக் கண்டு நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, இதை மோசமா எழுதினா நான் ஹெர்னிங் போகலாம்."

"அப்ப மோசமா எழுது" என்றேன், விளையாட்டாக.

அவள் விளையாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலுணவுக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். சுசிலா பக்கத்தில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். நான் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலோரம் இருந்தேன். பக்கம் நிரம்பியதும் தாளை என் பக்கம் தள்ளினாள். என் தாய் ஒரு நல்ல பெண். அவர் மிகவும் நல்லவர். அவர் நல்ல உணவு சமைப்பார். எல்லாம் இந்த மாதிரி. 'நைஸ்' என்ற சொல் மட்டும் வரிக்கு வரி.

"எப்பிடி? மோசமாய் இருக்கா?"

"நல்ல மோசம்."

திருப்தியோடு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். ஹெர்னிங் அந்தத் தாளில் இருந்தது. மடித்து உறைக்குள் வைத்தால் போதும்.

மடிக்கவில்லை. தாயைப் பார்த்தாள். சுசிலாவின் கைகள் மாவை மடித்து, அழுத்தி, திருப்பிக்கொண்டிருந்தன. உருண்டைகளாகக் கிள்ளி வைக்கும்போது டெனிஷ் மொழியில் வாய்க்குள் எண்ணினார். ஹெர்னிங்கில் சிறுவர் பாடசாலை ஒன்றில் உதவியாளராக இருந்தவர். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்கியது வாயில் தங்கிவிட்டது. லண்டனில் பார்க் ரோயலில் சான்விச் தொழிற்சாலையில், பேச்சே தேவைப்படாத ஷிப்ட்.

சாருஜா பேனாவை எடுத்தாள். முதல் வரியில் இருந்த 'நைஸ்' மேல் ஒரு கோடு.  இரண்டாம் வரியிலும் ஒரு கோடு.

"என்ன செய்யிறாய்?" என்றேன்.

"நைஸ் எண்டா அது ஆரும் ஆகலாம் மாமா. கடையில வாற ஆளும் நைஸ். நாயும் நைஸ். மிஸ் இதை வாசிச்சிட்டு, அம்மா இதுதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பா. விடேலாது."

 தாளைக் கசக்காமல் நான்காகக் கிழித்து ஓரமாக வைத்தாள். புதிய தாள். வளையத்தைக் கழற்றி அட்டைகளை மேசை முழுவதும் பரப்பினாள். ஒரு சொல்லை எடுத்து வைத்துப் பார்த்து, தலையசைத்துத் திரும்ப வைத்தாள். பெரிய சொற்களில் பெரும்பாலானவை திரும்பத்தான் போயின. 'ஸ்டோயிக்' அட்டையை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். கட்டடக் காவலாளியின் பெயரின் மேல் கோடு போட்டாள். கீழே 'அம்மா' என்று எழுதினாள். ரொட்டி சுட்டு முடியும் வரை, தகப்பன் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுத் திரும்பிப் போகும் வரை, எழுதிக்கொண்டே இருந்தாள்.

சுசிலா கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "வாசி பாப்பம்."

"உங்களுக்கு விளங்காது."

"விளங்காட்டிலும் வாசி. என்னைப் பற்றித்தானே."

வாசித்தாள். ஆங்கிலத்தில் அவள் அவ்வளவு தொடர்ச்சியாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. விடியற்காலை பஸ் தரிப்பில் கூந்தலை வலைக்குள் அடக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். பஸ் வரும் வரை, எதிர்ப்புறச் சுவரின் செங்கற்களை வேறொரு மொழியில் எண்ணுகிறவள். ஒரு காலத்தில் சிறு பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்ட ஒருத்தி. இப்போது இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவில் முட்டையை வைத்து மூடிக்கொண்டிருக்கிறாள். மகள் கேட்டால், வேலை இலகு என்கிறாள். சுசிலா மகளின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இப்ப சொன்னியே, அது ஆரின்ர சொல்லு?"

"உங்கட."

"என்ன அது?"

"நோகேக்க நோகுதெண்டு சொல்லாத ஆள்."

சுசிலா மேசையில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினார். "சொன்னா ஆர் கேக்கிறது" என்றார். பிறகு, "வாசி" என்றார்.

வாசித்து முடித்ததும் சுசிலா தாளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதைக் குடுத்தா உன்னை ஹயரில போட்டிடுவினம், என்ன?"

"ஓம்."

"அப்ப ஹெர்னிங்?"

சாருஜா அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"வேற ஒண்டு எழுதேலாதோ பிள்ளை?" சுசிலா மெதுவாகக் கேட்டார். "அப்பாவுக்கு நான் சொல்லமாட்டன். தம்பியும் சொல்லாது." என்னையும் பார்த்துக்கொண்டார்.

"எழுதிப் பாத்தன் அம்மா. அதில நீங்கள் இல்லை."

மறுநாள் காலை மெட்ரோபொலிட்டன் ரயில் ஓடவில்லை. பஸ்கள் நிரம்பி வழிந்தன. தகப்பன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு மொத்த வியாபாரக் கடைக்குப் போய்விட்டார். வகுப்பு மணி அடிக்கும் முன் கட்டுரை பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதால் என் காரில் கூட்டிப் போனேன். பிளாஸ்ரிக் உறையைத் தொடையின் மேல் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். சிவப்பு விளக்கு ஒன்றில் நின்றபோது, "இப்ப மெட்டெ வகுப்புக்குள்ள போயிருப்பா மாமா. அங்க ஒரு மணித்தியாலம் முன்னால" என்றாள். பச்சை விழுந்தது.

அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு. அதன் கீழே தாள் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி. நான் கதவடியில் நின்றேன். அவள் உறையிலிருந்து தாள்களை வெளியே எடுத்து, ஓரங்களை மேசையில் தட்டிச் சமன் பார்த்து, திரும்ப உள்ளே வைத்து, இடைவெளியால் நுழைத்தாள். உள்ளே இருந்த பெண் தொலைபேசியைத் தோளால் காதோடு இடுக்கிக்கொண்டு, உறையின் மறுமுனையைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். "தாங்க் யூ, டார்லிங்" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை இழுத்தாள்.

சாருஜாவின் விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கட்டைவிரல் மட்டும் உறையின் மூலையில் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு அதையும் எடுத்தாள்.